தண்ணீர் கலக்காத பாட்டில்

பாட்டிலின் கழுத்தில் நூல் கட்டி ஒரு துண்டுக் காகிதத்தைத் தொங்கவிட்டிருக்கிறாய். வலப்பக்கம் சாய்ந்த உன் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: "இதுல தண்ணி கலக்கல, மாப்ள."

உன் அக்கா இன்று பிற்பகல் கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவர், அதை என் மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அவன் பொஞ்சாதி அனுப்பியிருக்கு தம்பி. லீவுல வந்தவங்ககிட்ட குடுத்துவிட்டிருக்கு. உங்க பேரெழுதி அவன் அலமாரியில இருந்துச்சாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிருக்கான்."

"என்னக்கா இது?"

"பாட்டிலு. எனக்கென்ன தெரியும்? நீங்க ரெண்டு பேரும் எதுக்குப் பேசாமப் போனீங்கன்னே எனக்குத் தெரியாது."

அவருக்குத் தெரியாது. இந்தக் காரைக்காலில் ஒருவருக்கும் தெரியாது. நீ மார்செயில் இறந்து மூன்று மாதமாகிறது. நாம் கடைசியாகப் பேசி ஆறு வருடமாகிறது. இடையில் நீ எழுதிய மூன்று கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. நான்காவதாக வந்திருப்பது இந்த ஒற்றை வரி. படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நடுமுதுகில் அறைந்தது போல மூச்சு நின்றது. செத்துப்போன ஒருவன் என்னைக் கேலி செய்கிறான். அதுவும் எதை வைத்து!

அக்கா போனபின் பாட்டிலைத் திறந்தேன். தக்கையை இழுக்கும் திருகு என் வீட்டில் ஏது? சமையலறைக் கத்தியால் நெம்பி, பாதித் தக்கையைத் தூளாக்கி உள்ளே தள்ளினேன். உடனே அந்த வாசனை. வெயிலில் சுருங்கிய திராட்சை, தேன், அதற்கடியில் வெகுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியின் மரவாசனை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு கிரேக்கத் தீவில், கடலைப் பார்த்த ஒரு மேசையில், ஒரு விரற்கடை அளவு என் முன்னால் ஊற்றப்பட்ட அதே திராட்சை ரசம். அந்தத் தீவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பாட்டிலில் அச்சடித்திருக்கிறது, அது போதும்.

அந்த மேசைக்கு நீ என்னைக் கூட்டிப்போவதற்குப் பதினொரு வருடம் முன்னால் நடந்தது உனக்குத் தெரியும். என்னைவிட உனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் என் பக்கத்தில் அது எப்படி இருந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை.

என் அப்பா நம் பங்குக் கோயிலின் கோயில்பிள்ளை. மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசை உடுப்புகளை மடிப்பது, பூசைப் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணில் ஊற்றுவது, பூசை ரசம் இருக்கும் அலமாரியைக் காப்பது எல்லாம் அவர் வேலை. பழைய பிரெஞ்சுச் சாமியார் ஊருக்குத் திரும்பியபோது பிரம்பு பின்னிய பெரிய கண்ணாடிக் குடுவைகள் சிலவற்றை விட்டுப்போயிருந்தார். அவற்றிலிருந்து அப்பா பாட்டிலில் ஊற்றி வைப்பார். எந்த நாட்டு ரசம் என்று குடுவையில் எழுதியிருக்கவில்லை. அதன் ருசியும் ஊரில் எவருக்கும் தெரியாது. நமக்கெல்லாம் நாக்கில் அப்பம் மட்டும்தான். ரசத்தைக் குடிப்பவர் சாமியார் ஒருவரே.

எழுபத்தொன்றாம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குச் சில வருடம் முன்புதான் பீடத்தைத் திருப்பிப் போட்டு, சாமியார் மக்களைப் பார்த்துப் பூசை வைக்கத் தொடங்கியிருந்தார்கள். பழைய முறையாக இருந்திருந்தால் அவருடைய முதுகுதான் தெரிந்திருக்கும். அன்று பாத்திரத்தை உயர்த்திக் குடித்த பங்குச் சாமியாரின் முகம் சுருங்கிக் கோணியதைக் கோயில் முழுவதும் பார்த்தது. நீ ஆர்மோனியத்துக்குப் பின்னால் இருந்தாய். பாட்டை ஓர் அடி முந்தி எடுத்துவிட்டாய் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

பூசை முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் முன்னிலையில் சாமியார் கேட்டார்.

"உப்புக் கரிக்குது, கோயில்பிள்ளை. தண்ணி கலந்திருக்கு. சாவி யாருகிட்ட?"

"என்கிட்டதாங்க சாமி."

"வேற யாராச்சும் எடுத்தாங்களா?"

அப்பா பதில் சொல்லவில்லை. சாமியார் இன்னொரு முறை கேட்டார். அப்பா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி மறைத்தான் என்று முடிவாயிற்று.

நான் அப்போது பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியராகச் சேர்ந்து ஒரு வருடம்தான். சும்மா விடுவேனா? மனு எழுதினேன். சாமியாருக்கு, ஊர்ப் பெரியவர்களுக்கு, சாமியாருக்கு மேலான மேற்றிராணியாருக்கு. என் வாதம் இதுதான்: கோயில் கிணறு கடலுக்குப் பக்கம், தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அதனால்தான் என் தந்தை இருபத்திரண்டு வருடமாகத் தினமும் காலையில் தெருக்குழாயில் நல்ல தண்ணீர் பிடித்துக் குடத்தைச் சுமந்து வந்து பூசைக்கு வைக்கிறார். கலக்க நினைத்திருந்தால் பக்கத்தில் இருக்கும் அந்தக் குடத்திலிருந்தல்லவா கலந்திருப்பார்? உப்புத் தண்ணீர் கலந்த கை வேறு கை. இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று இன்றுகூட எவராவது காட்டட்டும்.

அதை நான் தட்டச்சு செய்தபோது கார்பன் தாளை வைத்துக்கொடுத்தது நீ. கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்க மாப்ள" என்றாய். அந்த மூன்று சொற்களை நான் பிறகு எத்தனை தடவை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன், தெரியுமா?

எந்த மனுவுக்கும் பதில் வரவில்லை. அப்பா நெரவியில் ஒரு அரிசி ஆலைக்குக் காவலாளாகப் போனார். ஒரு கல்யாணப் பந்தியில், அப்பா உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்து ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "கோயில்பிள்ளைக்கு ரசம் ரெண்டு கரண்டி சேத்து ஊத்துங்கப்பா!" பந்தி முழுவதும் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். மதுவிலக்கு இருந்த காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து நம் ஊர்க் கடைகளில் குடித்துவிட்டு, பஸ் நிலையத்தில் வேட்டி விலகிக் கிடந்தவர்களை எவரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒரு சொட்டுத் தொடாத மனிதருக்குத்தான் குடிகாரன் என்று பெயர். எழுபத்தாறில் அந்தப் பெயரோடேயே அவரை அடக்கம் செய்தோம்.

அதன்பின் நான் அந்தக் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. பங்குச் சாமியாரை எதிரில் கண்டால் தோத்திரம் சொல்லாமல் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டே கடந்துபோவேன். கல்யாணப் பந்தியில் சிரித்தவர்களின் பிள்ளைகள் என் வகுப்புக்கு வந்தபோதுகூட எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்டது. மது எதையும் தொட்டதில்லை. தொட்டால் 'அப்பனைப் போல' என்று சொல்லிவிடுவார்கள்.

நீ எழுபத்திரண்டிலேயே பிரான்சுக்குப் போய்விட்டாய். உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்தக் குடியுரிமை உனக்கு மார்செய் தபால் நிலையத்தில் வேலை வாங்கித் தந்தது. இந்த ஊரில் எனக்கு மிஞ்சியிருந்த ஒரே நண்பன் உன் கடிதங்கள்தான். அதை இன்று எழுதும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன். ஆனாலும் உண்மை அதுதான்.

எண்பத்திரண்டில் பிரெஞ்சு ஆசிரியர்களுக்கான கோடைப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். பயிற்சி முடிந்ததும் நீ என்னை விடவில்லை. உங்கள் அலுவலகத்து ஆட்கள் கூட்டமாக விடுமுறைக்குக் கிரேக்கத் தீவு போகிறார்கள், உன் மனைவிக்கு உடம்பு சரியில்லை, அவள் இடத்தில் நீ வா என்றாய். விசாவுக்காக என்னை அலுவலகம் அலுவலகமாக இழுத்துக்கொண்டு அலைந்தாய்.

மலைமேல் இருந்தது அந்த ரச ஆலை. வளைந்து வளைந்து ஏறிய பாதையின் இரு பக்கமும் கல் அடுக்கிக் கட்டிய படிகள், ஒவ்வொரு படியிலும் முழங்கால் உயரத் திராட்சைக் கொடிகள். கீழே கடல் அப்படியொரு நீலம். நம் கடல் காவி கலந்தது, எனக்கு அந்த நீலத்தை நம்பவே பிடிக்கவில்லை. அக்கரையில் துருக்கி மலைகள் புகைபோல் தெரிந்தன. அறுவடைக் காலம். மண் தரையில் பாய் விரித்துத் திராட்சையைக் காயப்போட்டிருந்தார்கள்.

"பாருடா, கிளிஞ்சல்மேட்டுல கருவாடு காயப்போட்ட மாதிரி இல்ல?" என்றாய். நான் சிரித்தேன். பல வருடத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அதற்காகவும் உன்மேல் எனக்குக் கோபம் உண்டு.

கொடிப்பந்தலின்கீழ் நீள மேசை. நரைத்த கூந்தலை இறுக்கி முடிந்த ஒரு கிரேக்கப் பெண்மணி பிரெஞ்சில் விளக்கினாள். நான்கு ரசங்கள் வரும், நிறத்தைப் பாருங்கள், முகருங்கள், வாயில் சுழற்றுங்கள், பிறகு இதில் துப்பிவிடுங்கள் என்று மேசை நடுவில் இருந்த தகரப் பாத்திரத்தைக் காட்டினாள். உன் அலுவலகத்து ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் கூச்சமில்லாமல் துப்பினார்கள். ரசம் என்றால் பீடத்தில் மட்டும் இருப்பது என்று வளர்ந்தவன் நான். என் கை உயரவில்லை.

நீ என் விலாவில் இடித்தாய். "நம்மூர்ல துப்புனா மரியாதை இல்ல, இங்க துப்பாட்டி மரியாதை இல்ல. சும்மா நாக்குல வை, வாத்தியாரே. ஒங்கப்பா பாக்கவா போறாரு?"

முதல் மூன்றையும் உதட்டில் பட்டும் படாமலும் வைத்து இறக்கினேன். நான்காவது ஒரு மண்கூஜாவிலிருந்து வந்தது. பொன்னிறம், எண்ணெய் போலக் கண்ணாடியில் வழிந்தது. நீ முகர்ந்தாய். குடித்தாய். கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு கண்ணைத் திறந்து, தொலைந்த பொருளைக் கண்டெடுத்தவன் போல முகமெல்லாம் மலர என் தோளைப் பிடித்து உலுக்கினாய்.

"டேய், நம்ம கோயில் ரசம்டா இது! அதே தேனு, கடைசியில அதே கசப்பு! இதேதாண்டா!"

அந்தப் பெண்மணியிடம் பிரெஞ்சில் கேட்டாய். அவள் தலையாட்டினாள். ஆமாம், பாதிரிமார் பூசைக்கு இதை வாங்குவதுண்டு, பிரான்சுக்குப் போய் அங்கிருந்து கடல் கடந்த ஊர்களுக்கெல்லாம் போயிருக்கிறது என்றாள். நீ பெருமையோடு என்னைப் பார்த்தாய்.

என் வாயில் அந்த ரசம் இருந்தது. நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு கணக்குப் பாடத்தில் கடைசி வரி தானாக வந்து விழுவதைப் போல விழுந்தது. சாமியார் ஒருவர் மட்டுமே குடித்த ரசத்தின் ருசி உனக்கு எப்படித் தெரியும்?

நீ பொய் சொல்லியிருக்கலாம். சின்ன வயதில் பூசைக்கு உதவியபோது நக்கிப் பார்த்தேன் என்று ஒரு வரி போதும், நான் நம்பியிருப்பேன். உன் கை என் தோளிலிருந்து மெல்ல இறங்கியது. முகத்தில் இருந்த மலர்ச்சி அப்படியே நின்று, பிறகு எதுவுமே இல்லாமல் போயிற்று. நான் தகரப் பாத்திரத்தை இழுத்து, அத்தனை பேர் பார்க்க அதில் துப்பினேன். அந்தப் பெண்மணி பாராட்டுவதுபோல் தலையசைத்தாள்.

வெளியே கல்சுவரில் உட்கார்ந்தோம். காயும் திராட்சைமேல் குளவிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. நீ கடலைப் பார்த்துக்கொண்டு பேசினாய்.

"எங்கப்பாவுக்கு அப்ப வயித்துல புத்து. கஞ்சி எறங்கல. 'ஒரு வாய் வைன் குடுடா'ன்னு தெனம் கேட்டாரு. பிரான்சுல பட்டாளத்துல குடிச்சது. நம்மூர்ல பிராந்தி இருக்கு, சாராயம் இருக்கு. வைன் எந்தக் கடையிலடா இருந்துச்சு? பாண்டிச்சேரியிலேர்ந்து ஒண்ணு வரவழைச்சேன், புளிச்சுப்போயிருந்துச்சு. பாட்டுப் பழகுற சாக்குல கோயிலுக்கு வருவேன்ல. ஒங்கப்பா மணியடிக்கப் போறப்ப சாவி அலமாரியிலயே தொங்கும்."

"எத்தனை தடவ?"

"ரெண்டு தடவ தெரியாம. புளிச்சிருக்கான்னு நான் மொதல்ல நாக்குல வச்சுப் பாத்துட்டுத்தான் அப்பாவுக்குக் குடுப்பேன். மூணாவது தடவ ஒங்கப்பா பின்னாலயே வந்துட்டாரு."

ஒரு குளவியைக் கையால் விரட்டிவிட்டு நீ தொடர்ந்தாய்.

"நான் அப்பா வாயில ஊத்திக்கிட்டிருக்கேன், இவரு வாசல்ல வந்து நிக்கிறாரு. அப்பா இவரைப் பாத்துட்டு, கும்புட்டு 'மெர்சி'ன்னு நன்றி சொன்னாரு. கோயில்பிள்ளைதான் குடுத்தனுப்பினாருன்னு நெனச்சுக்கிட்டாரு. ஒங்கப்பா பக்கத்துல வந்து அப்பா கையப் புடிச்சுக்கிட்டாரு. போறப்ப எங்கிட்ட ஒண்ணுதான் சொன்னாரு. 'டம்ளர் கழுவுற தண்ணிய சாக்கடையில ஊத்தாத தம்பி, செடிக்கு ஊத்து.' அன்னையிலேர்ந்து அந்த அலமாரிய அவரு பூட்டவே இல்லடா."

"தண்ணி?"

"அது நான். அவருக்குத் தெரியாது. பாட்டில்ல அளவு கொறஞ்சா அவருக்கு ஆபத்துன்னு நெனச்சேன். அவசரத்துல கெணத்துத் தண்ணிய ஊத்திட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்றேன்னுதான் நின்னேன். ஒங்கப்பா வேணாம்னாரு. 'அவன்கிட்ட சொல்லாத. அவன் நியாயம் கேப்பான்'னாரு."

நான் சொன்னது ஒன்றே ஒன்று. "ஒங்கப்பாவுக்கு நாலு மடக்கு. எங்கப்பாவுக்கு அஞ்சு வருஷம்."

"தெரியும்டா" என்றாய்.

அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. திரும்பும் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. நான் சன்னல் பக்கம் திரும்பியே வந்தேன்.

உன்மேல் வந்த கோபத்தை நான் சமாளித்திருப்பேன். அந்த வித்தையில் எனக்குப் பழக்கம் அதிகம். என்னை நிலைகுலைய வைத்தது அப்பா. என் மனுக்களில் நான் நிறுத்திய அப்பா ஒரு சொட்டைக்கூட இடம் மாற்றாதவர். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. பூசைக்கு வைத்த ரசத்தை, பூட்டைத் திறந்துபோட்டு, சாகக் கிடந்த ஒரு பட்டாளத்துக்காரருக்கு அனுப்பிய ஒருவர்தான் இருந்தார். சாமியார் கேட்டது சரியான கேள்வி. நான் பதினொரு வருடம் முறைத்த அந்த மனிதர் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, யார் எடுத்தது என்று மட்டும்தான் கேட்டார். என் வாதத்தில் ஓட்டை இல்லைதான். ஆனால் நான் வாதாடிக் காத்தவர் என் அப்பா இல்லை.

அதைவிடவும் ஒன்று. தன் மகனிடம் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்லியிருக்கிறார். அவன் நியாயம் கேட்பான். அதைக் குற்றமாகச் சொன்னாரா, பயந்து சொன்னாரா, சிரித்துக்கொண்டு சொன்னாரா? நீ எனக்கு எழுதிய மூன்று கடிதங்களில் ஒன்றிலாவது அதை எழுதியிருக்கலாம். மன்னிப்பு மன்னிப்பு என்று பக்கம் பக்கமாக எழுதினாய். அவர் எந்தக் குரலில் சொன்னார் என்பதை எழுதவில்லை. நானும் கேட்டு எழுதவில்லை. இனி அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

போன வருடம் பஸ் நிலையத்தில் அந்தச் சாமியாரைப் பார்த்தேன். ஓய்வு பெற்று, கைத்தடியோடு. "தோத்திரம் சாமி" என்றேன். பதினாறு வருடத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த தோத்திரம். கண்ணைச் சுருக்கி, "யாருப்பா?" என்றார். கோயில்பிள்ளை மகன் என்றேன். தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "ரெண்டு தடவ கேட்டேன்ப்பா. சொல்லியிருந்தா நான் ஏன் அனுப்பப்போறேன்?" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இந்தக் காகிதத்தை எடுக்கவில்லை. மன்னிக்கவில்லை. சொல்லியிருக்கலாம். அப்பா தடுத்தாலும் சொல்லியிருக்கலாம், அவர் உயிரோடு இருந்த ஐந்து வருடத்தில் ஒரு நாளாவது. நான் அவரிடம் போய் உட்கார்ந்திருப்பேன். என்ன பேசியிருப்பேன் என்று தெரியாது. மனு எழுதியிருக்க மாட்டேன் என்று மட்டும் நம்ப விரும்புகிறேன்.

சற்றுமுன் ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றினேன். என் நாற்பத்து மூன்று வயதில் முதன்முதலாக விழுங்கியது. நீ சொன்னது சரி. முதலில் தேன், கடைசியில் மெல்லிய கசப்பு. உப்பு இல்லை. உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு குடித்திருப்பார் என்று தோன்றியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் அப்பாவை எவ்வளவு முயன்றும் என்னால் பார்க்க முடியவில்லை. அதைப் பார்த்த கண்கள் உன்னுடையவை.

டம்ளரைத் தொட்டியில் கழுவப் போனவன், கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் நின்றுவிட்டேன். கொல்லைக் கதவைத் திறந்து செம்பருத்திச் செடியின் வேரில் ஊற்றிவிட்டு வந்தேன்.

உன் காகிதத்தைப் பாட்டிலின் கழுத்திலேயே மறுபடி கட்டியிருக்கிறேன். மனுக்களின் நகல்கள் இருக்கும் அலமாரியில், அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. அந்த அலமாரிக்குச் சாவி உண்டு, இத்தனை வருடமாக இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டித்தான் வைத்திருந்தேன். சாவி இப்போது கதவிலேயே தொங்குகிறது.